வடம் போட்டவர் பொறுப்பு

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை உச்சிவேளையில், இருநூற்று நாற்பது வருடம் தாமதமாக ஒரு கப்பல் செந்தலைப்பாட்டு முகத்துவாரத்துக்கு வந்து மணல்திட்டில் தட்டி நின்றது. மூன்று பாய்மரம், பக்கத்துக்குப் பன்னிரண்டு பீரங்கி, அறுபத்து மூன்று ஆட்கள், ஒரு வெள்ளாடு. கரையில் தங்கள் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டு இந்த வருடம் தெற்கே வளர்ந்திருக்கிறதா வடக்கே வளர்ந்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். பிறகு பிரஷ்ஷைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு வடம் எடுக்கப் போனார்கள்.

எங்கள் ஊரில் திட்டில் தட்டிய எதையும் நீ யார், எந்த ஊர், என்ன சரக்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை. முதலில் இழுத்துக் கரை சேர்ப்போம், அடுத்தது தண்ணீர் கொடுப்போம், தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் பெயர் கேட்போம். யாருடைய வடம் முதலில் அதன் மூக்கில் விழுந்து பிடிக்கிறதோ, அந்தக் கலம் திரும்பிப் போகும்வரை அவர்தான் அதற்குப் பொறுப்பு. ஆட்களுக்குச் சோறு, அடுப்புக்கு விறகு, பங்குச்சாமிக்கும் போலீஸுக்கும் பதில், எல்லாம் வடம் போட்டவர் தலையில். அன்று முதலில் விழுந்த வடம் என் அப்பா இன்னாசி மச்சாதுவுடையது. அவர் நன்றாக வடம் வீசுவார். அதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் எனக்குத் தெரியாது.

நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். வரலாறு, முதுகலை, இரண்டாம் வருடம். கடற்கொள்ளையைப் பற்றித்தான் என் ஆய்வேடு என்பதால் ஊரில் எனக்குத் தெக்லா என்ற பெயர் போய் ‘கொள்ளைக்காரி’ என்ற பெயர் நிலைத்திருந்தது; விடுமுறைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் “கொள்ளைக்காரி வந்துட்டா, கதவச் சாத்துங்கடே” என்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் பேசும்போது அம்மாதான், தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டதையும் வாங்குகிற அரிசியை மாற்றியதையும் சொல்லி முடித்து, கடைசியாக, ஒரு பழைய கப்பல் வந்திருக்கு பிள்ள, அப்பாதான் வடம் போட்டாரு, அறுபது பேருக்குக் கஞ்சி காய்ச்சி என் இடுப்பே போச்சு என்றாள்.

கப்பலின் கேப்டனை ஊர் மெரிக் துரை என்று கூப்பிட்டது. எப்போதோ ஒரு துபாஷியிடம் படித்த தமிழை அவர் வேதாகமம் வாசிப்பது மாதிரிப் பேசினார். தங்கள் ராஜாவுக்கும் இன்னொரு ராஜாவுக்கும் யுத்தம் நடக்கிறது, எதிரியின் கப்பல்களைப் பிடிக்கத் தாங்கள் புறப்பட்டோம், ஆனால் கரை தென்படும்போதெல்லாம் காற்று திரும்பிவிட்டது, அதனால் எங்கும் இறங்க முடியவில்லை, யுத்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கும் துரை என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

ஒரு வாரத்தில் கப்பல் ஊரோடு ஊராகிவிட்டது. கப்பல் தச்சன் எங்கள் படகுகளின் ஒழுக்கை அடைத்துக் கொடுத்தான்; பீரங்கிக்காரன் வாலிபால் அணியில் சேர்ந்து, பந்தை வலைக்கு மேலே அனுப்பாமல் வலையோடு சேர்த்து அனுப்பினான்; வெள்ளாடு கோயில் தோட்டத்தைத் தின்று பங்குச்சாமியிடம் திட்டு வாங்கியது; கிழிந்த பாய்களுக்கு எங்கள் தையல்காரர் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வெட்டி ஒட்டுப்போட்டார், ஆகையால் நடுப்பாயில் யாரோ ஒரு மாவட்டச் செயலாளர் கைகூப்பி நிற்க, முன்பாயில் மூன்று பிள்ளைகள் பூசையில் முதல் நன்மை வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டோக்கன் பிரச்சினை வந்தது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போக ஒவ்வொரு படகும் அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கனுக்குப் பதிவு எண் வேண்டும். எண் இல்லாத ஒரு கலம் ஜெட்டியில் நின்றால் மற்ற நாற்பத்தொரு படகுக்கும் டோக்கன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை கர்வாலோ அதற்கு ஒரு மணி நேரம் யோசித்தார். அந்தக் கப்பலையும் எங்கள் ஊர்ப் படகாகப் பதிந்துவிடுவதென்று முடிவு செய்தார். இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊரில் யாருக்கும் வரவில்லை. பாரத்தில் எஞ்சின் என்ற இடத்தில் ‘காற்று’ என்று எழுதினார்கள். என்ன பிடிப்பீர்கள் என்று குமாஸ்தா கேட்டதற்கு, எது எதிரில் வந்தாலும் என்றார் துரை. உரிமையாளர் என்ற இடத்துக்கு ஆதார் அட்டை வேண்டியிருந்தது. துரையிடம் அட்டை இல்லை. வடம் போட்டவர் பொறுப்பு. அப்பா தன் அட்டையின் நகலைக் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவது மாதிரிப் போட்டார், போட்டதை மறந்தும் போனார். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இப்போது துரையிடம் இருந்த காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ராஜாக்களுக்குக் கப்பல் போதாமல் போனால், சொந்தக் கப்பல் வைத்திருக்கும் ஆட்களுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார்கள்: இன்னாருடைய கப்பல்களை நீ பிடிக்கலாம், பிடித்ததில் எனக்கும் பங்கு வை. காகிதம் இருப்பவன் கேப்டன், இல்லாதவன் கொள்ளைக்காரன். கையில் இருப்பது இரண்டு பேருக்கும் அதே கத்தி. மெரிக் துரையிடம் அப்படியொரு காகிதம், முத்திரையோடு, தகரக் குழாயில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக என்றால், பூச்சி அரித்து இரண்டே இரண்டு இடத்தில்தான் ஓட்டை. ஒன்று, கொடுத்த ராஜாவின் பெயர் இருந்த இடம். இன்னொன்று, எதிரியின் பெயர் இருந்த இடம்.

ஜூன் பதினைந்தாம் தேதி எல்லாப் படகுகளோடும் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன கப்பல், சாயங்காலம் பக்கத்து ஊர்ப் படகு ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் பதினொரு மணிக்குத் தளத்தில் மேஜை போட்டுப் பச்சைத் துணி விரித்து துரை விசாரணை நடத்தினார். சட்டப்படி நடத்தினார், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. படகில் என்ன கொடி, யார் பதிந்தது, எங்கே போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவைத்தார். பிறகு காகிதத்தை எடுத்து, அந்த இரண்டாவது ஓட்டை வழியாக எதிரில் நின்ற படகைப் பார்த்தார். ஓட்டைக்குள் அந்தப் படகின் பெயர் தெரிந்தது. எதிரியின் படகு என்று தீர்ப்பாயிற்று.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? எங்களுக்குப் பிடிபடுவது புதிதில்லை. தண்ணீரில் யாரோ போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதாகச் சொல்லி எங்கள் படகுகளை வேறு சீருடைகள் பிடித்துக்கொண்டு போவதும், நாங்கள் ரயிலை மறிப்பதும், கடிதம் எழுதப்படுவதும், நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்படுவதும் இருபது முப்பது வருடமாக நடப்பதுதான். அந்தச் சீருடைகள் தூரத்தில் இருந்தன, இது வீட்டு வாசலில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லப்போனால் இது வசதி. பிடிபட்டவர்களுக்கு வீட்டிலிருந்தே தூக்குவாளியில் சோறு போயிற்று. பிடிபட்டவர்களின் சொந்தக்காரர்கள் உட்காருவதற்கு ஜெட்டியில் பந்தல் போட்டார்கள், பந்தலுக்கு ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்கு ஒரு மனு எழுதுகிறவர் வந்தார். ஒரு சட்டமன்ற உறுப்பினர் வந்து துரைக்குப் பொன்னாடை போர்த்திக் கோரிக்கை வைத்தார். மேலே கடிதம் போயிற்று. நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டது.

வெளியூர்ப் படகுகள் தீர்ந்ததும் எங்கள் ஊர்ப் படகுகளைப் பிடிக்கத் தொடங்கினார். தொம்மை கர்வாலோ மட்டும் போய், துரை, நீங்களும் நம்ம ஊர் போட்டுதானே என்று கேட்டுப் பார்த்தார். துரை மிகவும் வருத்தப்பட்டு, காகிதத்தைக் காட்டினார். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் நாற்பது படகும் போய், கடைசியாக அப்பாவின் ‘சலேத் மாதா’வும் போயிற்று. அப்பாவையும் அவரோடு போன ஏழு பேரையும் கப்பலிலேயே பாய் இழுக்க வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் தனக்குக் கஞ்சி ஊற்றியவரைத் துரை அப்படிச் செய்ததில் ஊருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அவ்வளவுதான். மனத்தாங்கல்.

நான் வந்து இறங்கியபோது யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு ஏறி இறங்கினேன். நூற்றுக்கணக்கான ஆம்பிளைகள், ஒரு பூச்சி அரித்த காகிதம், வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பீரங்கி இருக்கு பிள்ள என்றார்கள். பீரங்கியில் மருந்து நமுத்துப்போய் நூறு வருடம் ஆகியிருக்கும் என்றேன். இருக்கலாம் என்றார்கள். பிறகு ஒருவர், டீயை ஆற்றிக்கொண்டே, காகிதம் இருக்குல்லா என்றார். அவர்கள் பயந்தது காகிதத்துக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காகிதத்தைக் காகிதத்தால்தான் அடிக்க முடியும் என்று நூலகத்துக்குப் போய்ப் பதினெட்டு நாள் உட்கார்ந்தேன்.

பதினேழு பக்கம் வந்தது. ஒன்று: கொடுத்தவர் பெயர் இல்லாத அதிகாரம் யாரும் கொடுக்காத அதிகாரம். இரண்டு: எந்த ராஜா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நூற்றாண்டில் நடந்த எல்லா யுத்தமும் உடன்படிக்கையில் முடிந்திருக்கிறது, யுத்தம் முடிந்த அன்றே இப்படிப்பட்ட எல்லாக் காகிதமும் செத்துப்போகும்; ஒவ்வொரு உடன்படிக்கையையும் தேதியோடு அடுக்கியிருந்தேன். மூன்று: ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறில் அரசுகள் கூடி, இனிமேல் தனியாருக்கு இப்படிக் காகிதம் கொடுப்பதில்லை என்று கையெழுத்திட்டன. இதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர இது போதும். ஆனால் எனக்கு ஆத்திரம். நான்காவதாக எழுதினேன்: காகிதம் செத்த நாளிலிருந்து இந்தக் கப்பல் பிடித்ததெல்லாம் கொள்ளை, இந்தக் கப்பலின் உரிமையாளர் முதல் இதில் பாய் இழுக்கிற கடைசி ஆள்வரை அத்தனை பேரும் கொள்ளையர்கள், கொள்ளையனுக்கு எந்த நாட்டிலும் மன்னிப்புக் கிடையாது. மெரிக் துரையையும் அவருடைய அறுபத்திரண்டு பேரையும் மனதில் வைத்து எழுதினேன். அழகாக எழுதியிருந்தேன்.

நான் கேட்டு வாங்கிய விசாரணைக்கு முந்தின நாள் துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“உம்முடைய தகப்பனார் எனக்குத் தண்ணீர் வார்த்தவர்,” என்றார். “அவரைத் தயவாய்க் கேட்டால் தயவாய் விட்டுவிடுவேன். நாளைக்கு வாதாட வேண்டாம், அம்மா. வாதாடினால் சட்டப்படிதான் நடக்க வேண்டியிருக்கும்.”

உங்கள் தயவு யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். பிடித்த எல்லாப் படகும், அத்தனை ஆட்களும், உரிமையாகத் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அதுவரை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

“அப்பாவ மட்டும் கேளு பிள்ள,” என்றாள். “கப்பலக் கேக்காத.”

அம்மாவோடும் வாதாடினேன். அம்மா சீக்கிரம் தோற்றுவிடுவாள். அவளுக்கு எப்போதும் வேலை இருக்கும்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஊர் முழுக்க ஜெட்டியில் நின்றது. பிடிபட்டவர்களெல்லாம் கப்பல் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்து ஆட்களிடமும், எம் மவ பேசுவா பாருங்க, வாய்க்கு வாய் அடிப்பா என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் பேசினேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன். துரை நடுவில் மூன்றே மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் தேதியோடு பதில் சொன்னேன். நான்காவது பகுதியை வாசிக்கும்போது என் குரல் கோயில் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. கொள்ளையர்கள், கொள்ளையர்கள் என்று அது இரண்டு முறை சொல்லியது. ஜெட்டியில் யாரோ விசிலடித்தார்கள்.

மெரிக் துரை காகிதத்தின் இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கப்பல் குமாஸ்தாவிடம், “எழுது. இந்தப் பெண் சொல்வது சரி,” என்றார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். “இருநூற்று நாற்பது வருஷம் நாங்கள் வெறும் கள்ளராய் இருந்திருக்கிறோம். எங்களுக்கு அது தெரியாது.”

காகிதத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். பிடிபட்ட படகுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். பிறகு, சட்டப்படி, தாங்கள் கொள்ளையர்கள் என்பதால் தங்களையும் கப்பலையும் பிடித்துக்கொள்ளும்படி அவரே கரையோரப் போலீஸுக்குச் சொல்லியனுப்பினார். ஊர் வெடி போட்டது. என்னைத் தூக்கினார்கள். அப்பா கப்பல் ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு வாதத்தில் முழுதாக ஜெயித்தவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்குக் கிடைத்தது சரியாகக் கால் மணி நேரம்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு துரையின் பிறந்த வருடத்தைக் கேட்டார். ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று என்றார் துரை. இன்ஸ்பெக்டர் மூன்று முறை தட்டிப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கீழே இதில் போகாது என்றார். அறுபத்து மூன்று பேரையும் கேட்டார், ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆகவே வழக்கில் அவர்கள் இல்லை. பிறகு கப்பலின் முன்மூக்கில் பெயின்ட் அடித்திருந்த பதிவு எண்ணைப் பார்த்தார், அதைத் தட்டினார். அது உடனே போயிற்று. உரிமையாளர், இன்னாசி மச்சாது. பிறந்த வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.

“இன்னாசிங்கிறது யாருய்யா?”

அப்பா கையைத் தூக்கினார். அவரோடு பாய் இழுத்த ஏழு பேரும், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி, பக்கத்தில் வந்து நின்றார்கள். அவிழ்த்துவிட்ட படகுகளைப் போலீஸார் திரும்பக் கட்டினார்கள், அவை வழக்குச் சொத்து.

நான் கத்தினேன். வழக்கம் என்றேன், வடம் என்றேன், சோறு போட்டவர் என்றேன். தன் பெயரில் பதிந்த கப்பல் இத்தனை படகைப் பிடித்தது இவருக்குத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார். தெரியும். எல்லோருக்கும் தெரியும். என் கையிலிருந்த பதினேழு பக்கத்தை வாங்கி, நின்றுகொண்டே படித்து, நல்லா எழுதியிருக்கியேம்மா, எங்க ஆளுங்களுக்கு இப்படி எழுத வராது என்றார். குற்றப்பத்திரிகையில் அதுதான் முதல் ஆவணம்.

துரை நியாயஸ்தர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி நீதிமன்றத்துக்கு வருகிறார், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்கிறார். அடையாள அட்டை இல்லாதவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றமாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் தொப்பியோடு நிற்கிறார். அவருடைய ஆட்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கவும் வழியில்லை, அனுப்பவும் வழியில்லை. கப்பலும் பிடிபட்ட படகுகளும் ஜெட்டியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன, பாசி ஏறி, எது எந்தக் காலத்துப் படகு என்று தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் ஆண்கள் தூரத்து ஊர்களில் கூலிக்குப் போகிறார்கள். ஊர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

எங்கள் வக்கீல் சொன்னார், அந்தப் பதினேழு பக்கத்தை உடைத்தால் வழக்கு உடையும் என்று. உடைக்க உட்கார்ந்தேன். எழுதிய பதினெட்டு நாளைவிட அதிக நாள் உட்கார்ந்தேன். துரையின் காகிதத்தில் இருந்தது மாதிரி ஒரு ஓட்டை, ஒரு சின்ன ஓட்டை, தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அதில் இன்னார் தவிர என்று எங்கேயும் எழுதவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, நான்கு பேரோடு ஒரு நாட்டுப்படகு திட்டில் தட்டியது. எந்த ஊர்க்காரர்கள் என்று இன்றுவரை தெரியாது. கரையில் ஐம்பது பேராவது நின்றோம், பாதிப் பேர் கையில் வடம் இருந்தது. நானும் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் வடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். யாராவது முதலில் போட்டால் இரண்டாவதாகப் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். நானும் இரண்டாவதாகப் போடத்தான் நின்றேன். தொம்மை கர்வாலோ கடலைப் பார்க்காமல் வடத்தின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு அலையில் மூன்று முறை குத்தி, நான்காவது முறை கவிழ்ந்தது. நான்கு பேரும் நீந்தி வந்தார்கள், ஒருவருக்கு முழங்கை பிளந்திருந்தது. எங்களுக்கு நடுவில் நாங்கள் விட்ட வழியில் நடந்து போனார்கள். கடைசியாகப் போனவர் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்தால் பெயர் கேட்க வேண்டும். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை அப்பாவைப் பார்க்கும் நாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்திருந்தார், ஆனால் சவரம் செய்து தலை வாரியிருந்தார், நான் வருவேன் என்று. எப்போதும் போல, நீ பேசினது அம்புட்டும் கேட்டேன் பிள்ள, கேஸு முடியட்டும், இங்க இருக்கிறவங்களுக்கே உன்னப் பத்தித் தெரியும் என்றார். படிப்பை விட்டுவிடாதே என்றார். வடத்தை அப்பப்போ வெயிலில் போடச் சொன்னார், இல்லாவிட்டால் நைந்துவிடும். பிறகு முகம் மலர்ந்து வலைக்குப் பக்கத்தில் வந்தார். திட்டில் ஏதோ தட்டியதாமே, புதிதாக வந்த கைதி ஒருவன் சொன்னான் என்றார்.

ஆமாம் என்றேன்.

“முதல் வடம் யாருது பிள்ள?”

எதற்கும் பதில் சொல்லிவிடுகிற நான், வடத்தை நாளைக்கே வெயிலில் போடுகிறேன் அப்பா என்றேன்; நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து கூப்பிட்டார்.